‘கர்த்தர் உணர்த்தியபடி’: ஒரு சபையின் உதவி நிதி கைமாறிய நிகழ்வு பற்றிய ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு நடந்த சபையில் ஏறத்தாழ 120 குடும்பங்கள். சபைக்கு இரண்டு நிதிகள் இருந்தன. ஒன்று கட்டிட நிதி. மற்றது உதவி நிதி. நோய், மரணம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றுக்கு மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம் என்று சபையே கூடித் தீர்மானித்து எழுதிவைத்திருந்தது. காணிக்கை உறையிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. எதற்குக் கொடுக்கிறார் என்பதைக் கொடுப்பவரே குறித்துத் தருவார்.

போதகர் அந்தச் சபையில் 14 ஆண்டுகளாக ஊழியம் செய்துவந்தவர். நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்கு வந்து நிற்பவர். அவர்மேல் அதற்குமுன் எந்தப் புகாரும் எழுந்ததில்லை. பொருளாளர் ஒரு பெண்மணி. கணக்கில் கறாரானவர் என்று பெயரெடுத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம்.

மூன்றாவது நபர் ஒரு தாய். கணவரை இழந்தவர். அவருடைய 9 வயது மகளுக்குக் காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எலும்புகளை மெல்ல அரிக்கும் நோய். அறுவைசிகிச்சைக்கென்று உதவி நிதியிலிருந்து இரண்டு தவணைகளாகப் பணம் தருவதாகச் சபையின் செயற்குழு எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. முதல் தவணை பரிசோதனைகளுக்கே சரியாய்ப் போயிற்று.

இதை எழுதும் நான் பின்னர் அமைக்கப்பட்ட மூவர் விசாரணைக் குழுவில் ஒருவன். பல ஆண்டுகளாக அதே சபையில் வேதபாட வகுப்பு நடத்திவருகிறேன். போதகர், பொருளாளர், தாய் மூவரும் இதை எழுத ஒப்புதல் தந்தார்கள்; பெயரும் இடமும் வேண்டாம் என்றார்கள். தாய் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

நடந்தது

ஆலயத்தின் மேற்கூரை வேலை பாதியில் நின்றிருந்தது. பாக்கியைத் தராவிட்டால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் போதகர் மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தார். நான்காம் நாள் செயற்குழுவைக் கூட்டினார். உதவி நிதியில் இருப்பதில் முக்கால் பங்கைக் கூரைக்கு மாற்றும்படி கர்த்தர் தமக்கு உணர்த்தினார் என்றார்.

பொருளாளர் தடுத்துப் பேசினார். “ஐயா, அது வேறு பணம். கொடுத்தவர்கள் வேறு காரணம் எழுதிக் கொடுத்த பணம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது” என்றார்.

“சகோதரி, இது என் விருப்பம் என்றால் நீங்கள் மறுக்கலாம். நான் என் விருப்பத்தைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்றார் போதகர்.

அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள். காசோலையில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும். போதகர் ஒன்று போட்டார், பொருளாளர் மற்றதைப் போட்டார்.

11 வாரங்கள் கழித்து மருத்துவமனை நாள் குறித்துக் கொடுத்தது. தாய் இரண்டாம் தவணைக்காக வந்தார். கணக்கில் பணமில்லை. ஜெபிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். குறித்த நாள் தவறியது. அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஏழு வாரங்கள் தாமதித்து அறுவைசிகிச்சை நடந்தது. நோய் நின்றது. ஆனால் இடது காதில் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. அந்த ஏழு வாரங்கள்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டோம். தாமதம் நல்லதற்கில்லை, ஆனால் எவ்வளவு கெடுத்தது என்று அளந்து சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை இங்கே அப்படியே வைக்கிறேன். அதற்கு மேலும் கீழும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முதலில் கண்டவை

விவரம் வெளியே வந்ததும் சபை இரண்டுபட்டது. மூப்பர்கள் கூடி மூன்று பேரை நியமித்தார்கள். ஒருவர் மூத்த மூப்பர்; அடுத்தது நான்; மூன்றாமவர் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருக்கும் ஓர் இளைஞர்.

முதல் நாள் கூட்டக் குறிப்பேட்டை விரித்தோம். பொருளாளரின் கையெழுத்து எப்போதும் நேராகவும் சீராகவும் இருக்கும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நான்கு பத்திகள்: தேதி, தீர்மானம், முன்மொழிந்தவர், காரணம். குறிப்பிட்ட அந்தத் தீர்மானத்துக்கு நேரே ‘முன்மொழிந்தவர்’ என்ற பத்தி காலியாக இருந்தது. ‘காரணம்’ என்ற பத்தியில் ‘கர்த்தர் உணர்த்தியபடி’ என்று எழுதியிருந்தது. அவருடைய சுருக்கொப்பம் வழக்கத்தைவிடச் சிறியதாக, கோட்டின் ஓரத்தில் ஒதுங்கி இருந்தது. ஏன் முன்மொழிந்தவர் பெயரை எழுதவில்லை என்று கேட்டபோது, “யார் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை” என்றார். ஒளிக்க வேண்டும் என்று அவர் அப்படிச் செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. இந்த விவகாரம் முழுவதும் அந்தக் காலிப் பத்தியில்தான் அடங்கியிருக்கிறது என்பது எங்களுக்கு மிகவும் பின்னால்தான் விளங்கியது.

போதகர் ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தைச் சொன்னார். யோசேப்பின் சகோதரர் தீமை நினைத்தார்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார். இதையும் அப்படியே முடியப்பண்ணுவார் என்றார். பொருளாளர் 105ஆம் சங்கீதத்தைச் சொன்னார்: “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்ற வசனம் நினைவுக்கு வந்ததும் கை தானாகவே எழுதிவிட்டது என்றார்.

தாய் எந்த வசனமும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “என் பிள்ளையின் பணத்தை எடுக்கும்படி கர்த்தர் சொன்னாரா, ஐயா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.”

நாங்கள் தடுமாறிய இடம்

அந்தக் கேள்வியை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம். கர்த்தர் உண்மையில் பேசினாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதே எங்கள் வேலை என்று நினைத்து இரண்டு அமர்வுகளை வீணாக்கினோம். ஜெபத்தில் என்ன கேட்டது, எந்த நேரத்தில், எந்த வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது என்றெல்லாம் போதகரிடம் விசாரித்தோம். அவர் மறைக்காமல் பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஒரு மனிதனின் ஜெப அறைக்குள் இன்னொரு மனிதன் எட்டிப் பார்க்க முடியாது. மூத்த மூப்பரோ, கர்த்தர் பேசியிருந்தால் நாம் யார் கேட்பதற்கு என்றார்; அதோடு விசாரணையே நின்றுவிடும்போல இருந்தது.

வழிகாட்டியவர் இளைஞர். “ஐயா, ஒருவேளை கர்த்தர் பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இவர்கள் இருவரும் எதற்குமே பொறுப்பில்லை என்று வேதம் சொல்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வருவோமே” என்றார். கேள்வி அங்கே இடம் மாறியது. அதன் பிறகு மூன்று வாரங்கள் வேதாகமத்தோடு உட்கார்ந்தோம்.

வேதத்தில் பார்த்தவை

முதலில் யோசேப்பு. போதகர் சொன்ன வசனம் சரியானதுதான். ஆனால் அதைச் சொல்வது யார்? குழியில் போடப்பட்டு, விற்கப்பட்டு, சிறையில் கிடந்தவன் சொல்கிறான். தகப்பன் இறந்த பிறகு சகோதரர்கள் பயந்துபோய் ஆளனுப்புகிறார்கள். ‘தேவன்தான் உன்னை அனுப்பினார், நாங்கள் வெறும் கருவி’ என்று அவர்களில் ஒருவனும் சொல்லவில்லை. தாங்கள் செய்த துரோகத்தை மன்னிக்கும்படி மட்டுமே கேட்கிறார்கள். யோசேப்பும் அதை நன்மை என்று தொடங்கவில்லை. “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாதிக்குப் போகிறான். அடிபட்டவன் வாயிலிருந்து வந்தால் அது விசுவாசம். அடித்தவன் அதே வசனத்தை எடுத்துச் சொன்னால் அடிபட்டவனிடமிருந்து இன்னொன்றையும் பறித்துக்கொள்கிறான். இந்த வசனத்தைச் சொல்லும் உரிமை அந்தத் தாய்க்கு மட்டுமே இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை; சொல்லும்படி கேட்கவும் எங்களுக்கு உரிமையில்லை.

அடுத்து 105ஆம் சங்கீதம். இந்த வசனத்தைச் சபைகளில் கேள்விகளை அடக்குவதற்காக எடுத்துச் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லப்போனால் நானும் மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முந்திய வரிகளைப் படித்தால் படம் வேறு. கொஞ்சம் பேராய், அந்நியராய், ஒரு ஜனத்தைவிட்டு மறு ஜனத்தண்டைக்கு அலைந்து திரிந்த முற்பிதாக்களைப் பற்றிய வரிகள் அவை. அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் கடிந்துகொள்வது ராஜாக்களை. பலவீனரைப் பலவானிடமிருந்து காக்கும் வசனம் அது. ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்றே கர்த்தர் கேராரின் ராஜாவாகிய அபிமெலேக்கிடம் சொல்கிறார். ஆனால் அந்தச் சம்பவத்தில் தவறு செய்தவனே ஆபிரகாம்தான். மனைவியைச் சகோதரி என்று சொல்லி ஒரு ராஜ்யத்தையே ஆபத்தில் சிக்கவைத்தான். மறுநாள் காலை அபிமெலேக்கு அவனை அழைத்து, எங்களுக்கு என்ன காரியம் செய்தாய் என்று நேருக்கு நேர் கேட்கிறான். அந்தக் கேள்வியைக் கர்த்தர் தடுக்கவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்பதால் தாவீதும் அவன்மேல் கைபோடவில்லை என்பது உண்மை. ஆனால் சவுலிடமிருந்து அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சவுலின் அநியாயத்தை எடுத்துச் சொன்னவனும் அவன்தான்.

தன் மகனைப் பலியிடும்படி கர்த்தர் சொன்னபோது ஆபிரகாம் மோரியா மலையில் கேள்வி கேட்டாரா என்று போதகர் ஒரு நாள் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆதியாகமம் 22 எனக்கு இன்றும் கடினமான அதிகாரம். அதை எளிதாக்கிக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆயினும் அதே ஆபிரகாம் நான்கு அதிகாரங்களுக்கு முன்பு, சோதோம் ஊராருக்காக ஐம்பதிலிருந்து பத்து வரை குறைத்துக் குறைத்து வழக்காடியிருக்கிறான். “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று கர்த்தரிடமே கேட்டவன் அவன். மோரியாவில் அவன் கொண்டுபோனது தன் பிள்ளையை. கட்டளையைக் கேட்டதும் தானே. இன்னொருவர் கேட்டதாகச் சொன்ன வார்த்தைக்காக வேறொருவருடைய பிள்ளைக்கு உரியதை எடுத்துக் கொடுப்பதற்கு அந்த அதிகாரம் முன்மாதிரி ஆகாது என்று எழுதிக்கொண்டோம்.

எங்களை அதிகம் உலுக்கியது 1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும், வந்த வழியே திரும்பாமலும் போகும்படி நேரடிக் கட்டளை. யெரொபெயாம் ராஜா அழைத்தபோது அவன் மறுத்துவிட்டான். பிறகு ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொன்னபோது நம்பிப் போனான். சாப்பிட்டான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. பொய் சொன்ன கிழவனோ தன் வீட்டில் பத்திரமாக இருக்கிறான். ராஜாவுக்கு மறுத்தவன் சக ஊழியனுக்கு மறுக்கவில்லை. பொருளாளர் இந்த அதிகாரத்தை எங்களோடு வாசித்தபோது இடையில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “ஏமாற்றப்பட்டவன் ஏன் சாக வேண்டும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கதையிலும் நியாயம் பேசப்படவில்லை. ஒன்றை மட்டும் பார்க்க முடிந்தது: தனக்கு ஏற்கெனவே தெளிவாய்த் தெரிந்திருந்ததை, இன்னொருவர் கடவுளின் பெயரைச் சொன்னதும் அவன் விட்டுவிட்டான். தான் ஏமாற்றிய மனிதனின் உடலைத் தேடிப்போய் எடுத்துவந்து, தன் சொந்தக் கல்லறையில் வைத்து, “ஐயோ என் சகோதரனே” என்று புலம்புகிறான் கிழவன். அவன் தண்டிக்கப்பட்டதாக எழுதியில்லை. தான் செத்தால் அந்த எலும்புகளண்டையில் தன் எலும்புகளையும் வைக்கும்படி தன் மக்களிடம் சொல்லிவைக்கிறான்.

கடைசியாக, ராஜாவாகிய தாவீது ஜனத்தைத் தொகையிட்ட, அதாவது எண்ணிக் கணக்கெடுத்த, சம்பவம். 2 சாமுவேல் 24 கர்த்தருடைய கோபம் தாவீதை ஏவியது என்கிறது. 1 நாளாகமம் 21 சாத்தான் ஏவினான் என்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ பேர் எத்தனையோ விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது தாவீது என்ன சொன்னான் என்பது. ஏவியவர் யாரானாலும் இரண்டு நூல்களிலும் அவன் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: நான் பாவஞ்செய்தேன். ‘கர்த்தர் ஏவினார்’ என்று சொல்லும் இடம் கதையாசிரியருக்கு உண்டு. அந்த வார்த்தை தாவீதின் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. அதற்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் இறந்தபோது, இந்த ஆடுகள் என்ன செய்தது என்று கேட்டு, கர்த்தருடைய கை தன்மேல் வரட்டும் என்கிறான்.

அந்தக் கதையில் தாவீதின் படைத்தலைவன் யோவாபும் இருக்கிறான். ராஜா ஏன் இதை விரும்புகிறார் என்று தடுத்துப் பேசியவன் அவன். நாளாகமத்தில், இஸ்ரவேலின்மேல் ஏன் குற்றம் வரவேண்டும் என்றே கேட்கிறான். ராஜாவின் வார்த்தை மேலிட்டதும் போய் எண்ணினான். எண்ணி முடிக்க 9 மாதமும் 20 நாளும் ஆயின. அவ்வளவு நாளும் தவறென்று தெரிந்தே எண்ணினான். லேவி, பென்யமீன் கோத்திரங்களை மட்டும் எண்ணாமல் விட்டான். பொருளாளர் வேதாகமத்தில் அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “எனக்கு 11 வாரங்கள் இருந்தன” என்றார். கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தை மட்டுமே அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாளே மூப்பர்களிடம் போயிருக்கலாம், தாயிடம் சொல்லியிருக்கலாம், அந்தத் தவணைக்கு வேறு வழி தேடியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய கையெழுத்து என்று அவரேதான் சொன்னார்.

எரேமியா 23ஐ நான் சேர்த்துக்கொண்டேன். கர்த்தர் சொன்னார் என்று தங்கள் நாவையே எடுத்து வழங்கும் தீர்க்கதரிசிகளைப் பற்றிய அதிகாரம் அது. ‘கர்த்தரின் பாரம்’, அதாவது கர்த்தர் தந்த செய்தி, என்ற சொல்லையே இனி வழங்க வேண்டாம் என்று கர்த்தர் அங்கே தடுக்கிறார். அவனவன் வார்த்தையே அவனவனுக்குப் பாரமாகும் என்கிறார். ‘கர்த்தர் பாரம் கொடுத்தார்’ என்பது எங்கள் சபையில் வாரந்தோறும் புழங்கும் சொல். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதிகாரம் முழுவதையும் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜெபத்தில் கர்த்தர் பேசினாரா என்பதில் நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினோம். கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு முடிவை எடுத்தவர் அதற்கான பொறுப்பையும் முழுமையாக ஏற்கிறார். பெயரைச் சொன்னதால் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பது இரண்டாவது வரி. போதிக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை, அதாவது கடுமையான நியாயத்தீர்ப்பு, உண்டு என்று யாக்கோபு எழுதுவதை அதற்குக் காட்டினோம்.

போதகரைப் பதவியிலிருந்து நீக்கும்படி சிலர் வற்புறுத்தினார்கள். பணம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் எதையும் மறைக்கவும் இல்லை. ஆறு மாதங்களுக்குக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை எடுத்துவிட்டு, சபைக்கு முன் தம் வாயால் தவறைச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். நிதிக் கூட்டங்களில் ‘கர்த்தர் உணர்த்தினார்’ என்ற சொல் இனிக் காரணமாக எழுதப்படாது. உணர்த்தப்பட்டவர் தம் பெயரில் முன்மொழிந்து, மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் அதை நிதானித்து எடைபோட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஒழுங்கைத்தான் கணக்குப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தோம்.

பொருளாளரைக் குற்றமற்றவர் என்று எழுத நான் முதலில் விரும்பினேன். எதிர்த்துப் பேசியது அவர் ஒருவர்தானே. அவரே அதை மறுத்துவிட்டார். “என்னை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நடந்ததில் எனக்குப் பங்கே இல்லை என்றாகிவிடும்” என்றார். அவருடைய பெயரையும், வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த மற்ற ஐவரின் பெயர்களையும் அறிக்கையில் சேர்த்தோம்.

இன்னொரு முடிவு எளிதாக இருக்கவில்லை. வசதியுள்ள ஒரு குடும்பம், எடுத்த பணம் முழுவதையும் தாங்களே நிரப்பிவிடுவதாகவும், விஷயத்தை அதோடு முடித்துவிடலாம் என்றும் சொல்லியனுப்பியது. மூத்த மூப்பருக்கு அதில் சம்மதம். போதகர்தான் வேண்டாம் என்றார். கொள்ளைநோய் நிற்கப் பலிபீடம் கட்டவேண்டிய களத்தின் சொந்தக்காரன் அர்வனா, அந்தக் களத்தையும் மாடுகளையும் சும்மா கொடுக்க முன்வந்தபோது, தாவீது 50 வெள்ளிச் சேக்கல் கொடுத்தே வாங்கினான். செலவில்லாத பலியைச் செலுத்தமாட்டேன் என்றான். அந்தப் பகுதியை எங்களுக்கு எடுத்துக் காட்டியவர் போதகரே. விசாரணை முழுவதிலும் அவர் தம்மைக் காத்துக்கொள்ளாமல் வேதத்தைத் திறந்தது அதுதான் முதல் முறை. தாய் வாங்கிய கடனையும் வட்டியையும் அவரும் செயற்குழுவின் ஆறு பேரும் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள். உதவி நிதிக்குப் போகவேண்டியதைக் கட்டிட நிதி மாதந்தோறும் திருப்பியது. கூரை வேலை மீண்டும் நின்றது.

பின்னர் நடந்தவை

போதகர் ஒரு ஞாயிறு ஆராதனையில் 2 சாமுவேல் 24ஐ வாசித்தார். ‘இந்த ஆடுகள்’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியை வாசிக்காமலே, தாம் செய்தது என்ன என்று நான்கு வாக்கியங்களில் சொன்னார். ‘ஆனால்’ என்ற சொல் அவற்றில் இல்லை.

தாய் அன்று வரவில்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆறு குடும்பங்கள் சபையைவிட்டுப் போனார்கள். ஊழியரை அவமானப்படுத்தினோம் என்று நான்கு, போதுமான அளவு தண்டிக்கவில்லை என்று இரண்டு. ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று 2 இராஜாக்கள் 12இல் எழுதியிருக்கிறதே என்று ஒருவர் எங்களைக் கடிந்துகொண்டார். எழுதியிருக்கிறது, வேலை செய்தவர்கள் உண்மையாய் நடந்தபடியால் என்று காரணமும் எழுதியிருக்கிறது. அதே அதிகாரத்தில், பெட்டியில் சேர்ந்த பணத்தை ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள். அவர் சமாதானமாகவில்லை.

தாய் கடனுக்கான பணத்தைப் பெற்றுக்கொண்டார். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. போதகர் அவர் வீட்டுக்குப் போய், “கர்த்தர் சொன்னார் என்று நான் நினைத்தேன், அம்மா. ஆனால் எடுத்தது நான்” என்றார். தாய் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். வந்துசேர ஐந்து மாதங்கள் ஆயின. சில வாரங்கள் கழித்துத் தாயும் மகளும் மறுபடி ஆராதனைக்கு வரத் தொடங்கினார்கள். சிறுமி இப்போது இடப்பக்க வரிசையின் ஓரத்தில், சுவரையொட்டி உட்காருகிறாள். அங்கே உட்கார்ந்தால்தான் கேட்கும் காது பிரசங்கபீடத்தின் பக்கம் இருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் தாயிடம் போயிருக்க வேண்டும். நாங்கள் குறிப்பேட்டிலிருந்து தொடங்கினோம். அவரை மூன்றாவது அமர்வில்தான் அழைத்தோம். அப்போஸ்தலர் 6இல் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கைவிடப்படுகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்ததும், பன்னிருவரும் தங்கள் அதிகாரத்தை நிலைநாட்டப் புறப்படவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி பந்தியைச் சரிசெய்தார்கள். நாங்களோ அந்தப் பிள்ளையின் தவணைக்கு வழி தேடுவதற்கு முன்பே இறையியல் பேசினோம். அறுவைசிகிச்சை அதற்குள் முடிந்திருந்தது என்பது எங்களுக்குச் சாக்கு ஆகாது. கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

குழுவில் வெளி ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் போதகர்தான் திருமணம், அடக்கம், ஞானஸ்நானம் என்று ஏதோ ஒன்றை நடத்திவைத்தவர். அந்த நன்றி எங்கள் முதல் இரண்டு அமர்வுகளிலும் எங்களை மெதுவாக்கியது. வீட்டில் போய்ப் பேசிய பிறகே ஆலயத்தில் அறிக்கை சொல்ல வேண்டும் என்றும் நாங்கள் போதகரிடம் கேட்டிருக்க வேண்டும். பொதுவில் கேட்கும் மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின்மேல் ஒரு அழுத்தமாகிவிடும். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றில் மட்டும் எங்கள் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கர்த்தர் ஒருபோதும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார், ஏழையின் பங்கைப் பற்றி அவர் முன்பே பேசிவிட்டார், அதற்கு எதிரான எந்தக் குரலும் அவருடையதல்ல என்று அறிக்கையில் நேரடியாக எழுதியிருக்க வேண்டும் என்கிறார் இளைஞர். மூத்த மூப்பர் அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது என்கிறார். எழுதும்போது நான் மூப்பரின் பக்கம் நின்றேன். தாயின் கேள்வியை மறுபடி மறுபடி நினைக்கும்போது, இளைஞர் சொன்னதே சரியென்று இப்போது தோன்றுகிறது. எங்கள் நிதானம் அவரை ஐந்து மாதங்கள் பதிலில்லாமல் காக்கவைத்தது.

பணத்தைக் கொண்டுபோகும் விஷயத்தில் கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கக் கவலைப்படுவதாகப் பவுல் 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். அதன்படி செயற்குழுவில் இல்லாத ஒருவர் இப்போது மூன்றாவது கையெழுத்துப் போடுகிறார்.

குறிப்பேடு தீர்ந்து புதியது வாங்கியபோது, பழைய பக்கத்தை ஒட்டி மறைத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். பொருளாளர் வேண்டாம் என்றார். காலியாக இருந்த ‘முன்மொழிந்தவர்’ பத்தியில் போதகர் தம் பெயரைத் தாமே எழுதி, அன்றைய தேதியையும் போட்டார். அதன் கீழே, கொஞ்சம் இடம் மிச்சமிருந்த இடத்தில், ‘கையெழுத்திட்டவர்’ என்று எழுதி பொருளாளர் தம் முழுப் பெயரையும் எழுதினார்.